பெரிய ஃபைல்

"ரெண்டு ஃபைல் உருவாகும் சார். ரெண்டுக்கும் ஒரே பேருதான், குழம்பிடாதீங்க. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. சின்னதை மட்டும் எங்களுக்கு அனுப்பினா போதும்."

"பெருசைத்தானேம்மா அனுப்பணும்?" என்றார் அண்ணன்.

தொலைபேசியின் மறுமுனையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். தேர்வு வாரியத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவள். பழைய கம்ப்யூட்டர் சாவிகளை மாற்றச் சொல்லி, காலையிலிருந்து பன்னிரண்டு அச்சகங்களுக்கும் வரிசையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, வேண்டாம் சார்! சின்னது பொதுச் சாவி. பேருதான் சாவி, வேலை எல்லாம் பூட்டு வேலை. அதை யார் கையில வேணா குடுக்கலாம், பாதகமில்ல. அதை வச்சுத்தான் நாங்க வினாத்தாளைப் பூட்டி அனுப்புறோம். பெருசு இருக்கே, அதுதான் திறக்கிற சாவி. அது உங்க கம்ப்யூட்டரை விட்டு வெளியவே வரக் கூடாது."

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். மேசை விளிம்பில் இடித்துப் பாதி டீ ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் மேல் கொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா? எட்டு மாசம் முன்னாடி நீங்க எதை அனுப்பினீங்க? சின்னதுதானே?"

"சின்னதுதான்."

வாசகர்களே, இந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மணி காலை பத்து.

"நல்லது சார். புதுசு பண்ணி அனுப்பிட்டுக் கூப்பிடுங்க. பழைய சாவி ஃபோல்டரை இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மொத்தமா அழிச்சிடப் போறோம்."

போன வாரம் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர்களுக்காக நாலு வரி. அப்பா விட்டுப்போன அச்சகத்தை அண்ணனும் தங்கையும் நடத்தினார்கள். தங்கையின் கணவர், நாம் மாப்பிள்ளை என்றே சொல்லிவரும் மனிதர், அங்கே பிழை திருத்துபவர். வாரியம் பூட்டி அனுப்பும் வினாத்தாள்களைத் திறந்து அச்சடிப்பதுதான் அச்சகத்துக்குச் சோறு போடும் வேலை. நர்சுகளுக்கான உரிமத் தேர்வின் வினாத்தாள் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஊரெல்லாம் சுற்றியது. அச்சகத்தில் அதைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டே பேர், அண்ணனும் மாப்பிள்ளையும். விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நான் இல்லை. அப்ப வேற யாருன்னு நீங்களே பார்த்துக்குங்க."

அதற்குப் பதினோரு நாள் ஆகிறது. ஒரே வீட்டின் மாடியில் இருந்த தங்கையும் மாப்பிள்ளையும் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகிற அன்று வாசலில் நின்று அண்ணி சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. "திருட்டுப் பட்டம் வாங்கினவரை இனி இந்தப் படி ஏற விடமாட்டேன்."

இன்று மாலை நாலு மணிக்குக் கடைசி விசாரணை. ரகசிய அச்சு வேலை செய்கிறவர்களுக்கு வாரியம் கொடுக்கும் அனுமதி அட்டையை மாப்பிள்ளையிடமிருந்து பறிக்கப்போகிறார்கள். அந்த அட்டை போனால் நல்ல அச்சகம் எதுவும் அவரை உள்ளே விடாது. அதுகூடப் பரவாயில்லை. வினாத்தாள் விற்றவன் என்ற பேர், ஆள் போன பிறகும் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்.

அண்ணன் கண்ணாடி அறைக் கதவைச் சாத்தினார்.

அச்சு உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சின்ன ஃபைல் பார்ப்பதற்கு, பெரிய ஃபைல் அச்சுக்கு. வாடிக்கையாளர்கள் எப்போதும் சின்னதையே அனுப்பிவிட்டு, படம் மங்கலாக வந்தது என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் அண்ணன் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்: 'பெரிய ஃபைலையே அனுப்பு.' ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைச் சொல்லவும் செய்வார். வேலை செய்பவர்கள் அவருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். "பெரிய ஃபைல் வந்தாச்சா?", "பெரிய ஃபைல் இன்னைக்குக் கொதிக்குது, பக்கத்துல போகாதே" என்று மெஷின் பக்கம் பேச்சு நடக்கும். அது தனக்குத் தெரியாது என்று அண்ணன் காட்டிக்கொள்வார்.

எட்டு மாதத்துக்கு முன் வாரியம் இந்தச் சாவி முறையைக் கொண்டுவந்தபோது, அச்சகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் தான்தான் என்று அவரே அதைச் செய்தார். மாப்பிள்ளை கையேட்டைப் படிக்கலாமே என்றபோது, "நீங்க கமா போட்டுக்கிட்டு இருங்க மாப்ள, இதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். ஒரே பேரில் இரண்டு ஃபைல் வந்தன. சாவிக்கு ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லிக் கேட்டது. தினம் தினம் யார் அதை அடிப்பது என்று வெறுமனே பொத்தானைத் தட்டினார். பிறகு எதை அனுப்புவது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கை தானாகப் பெரியதன் மேல் போயிற்று.

இப்போது பழைய மெயிலைத் தேடித் திறந்தார். இணைப்பில் இருந்த ஃபைலின் அளவைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் இருந்த இரண்டின் அளவையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

பெரியது.

வாரியத்தில் ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால், பெரிய ஃபைலுக்குள்ளேயே பொதுச் சாவியும் அடங்கியிருந்தது. பூட்டுகிற வேலை ஒழுங்காகவே நடந்தது. அங்கே ஒரு குமாஸ்தா, வந்த ஃபைலைப் பிரித்துப் பார்க்காமல், எல்லா அச்சகங்களும் தட்டச்சு மையங்களும் பார்க்கக்கூடிய 'சாவிகள்' ஃபோல்டரில் போட்டுவைத்தார். பொதுச் சாவிகளுக்கு அதுதான் இடம். பூட்டிய வினாத்தாள்கள் பக்கத்து ஃபோல்டரிலேயே இருந்தன. பூட்டித்தானே இருக்கிறது, என்ன பயம்? எட்டு மாதமாக அந்தக் கதவைத் திறக்கும் சாவி, கடவுச்சொல்கூட இல்லாமல், கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கியிருக்கிறது. அதைத் தொங்கவிட்ட கை அண்ணனுடையது.

வெட்கம் முதலில் அவர் காதில்தான் வந்தது. இரண்டு காதும் சுட்டன. பிறகு கழுத்து. 'நான் இல்லை' என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திய விதம் நினைவுக்கு வந்தது. அந்த நெஞ்சை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று இப்போது தெரியவில்லை.

அதற்கு நடுவில்தான் அந்த எண்ணம் எட்டிப்பார்த்தது. அஞ்சு மணிக்கு ஃபோல்டரை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

அண்ணன் கெட்டவர் இல்லை. அப்படி ஒரு எண்ணம் யாருக்கும் வரும். ஆனால் அது வந்தவுடனே அவருக்கு மூச்சு லேசாக வந்தது. பின்னாளில் அவரை அதிகம் கூசவைத்தது அந்த ஒரு லேசான மூச்சுதான்.

பதினொன்றரைக்குப் புதுச் சாவி தயார். சின்ன ஃபைலை அனுப்பிவிட்டு, சின்னதுதானா என்று நாலு தடவை பார்த்துக்கொண்டு, வாரியத்துப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"வந்துடுச்சு சார். ஆனா ஃபைல் வந்தா மட்டும் போதாது. நடுவுல யாரும் மாத்தலைன்னு பார்க்கணும். சாவிக்குக் கைரேகைன்னு ஒரு நீள நம்பர் வரும் பாருங்க, அதை நிறுத்தி நிறுத்திப் படிங்க. நான் இங்க சரிபார்க்கிறேன்."

அண்ணன் படித்தார். எண்ணும் எழுத்தும் கலந்த நாற்பது. அச்சகத்தில் எதையும் ஒருவர் படிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். அதுதான் அங்கே சட்டம். படிப்பவர் எப்போதும் மாப்பிள்ளை. நிதானமான குரல், ஒரு புள்ளியைக்கூட விழுங்கமாட்டார். அண்ணன் மூன்றாவது வரிசையிலேயே தடுக்கினார்.

"எட்டா, மூணா சார்?"

"எட்டு... இரும்மா. மூணு. மூணுதான்."

"பதற்றப்படாதீங்க சார். மெதுவா."

முடித்தார்கள். அவள் நன்றி சொன்னாள். பிறகு, எல்லோரிடமும் கேட்பது போலத்தான், "வேற ஏதாவது சொல்லணுமா சார்?" என்றாள்.

நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லம்மா" என்றார் அண்ணன். மனிதருக்கு ஒரு வாய்ப்பு வந்தால் தவறவிடுவது சகஜம். ஒரே காலையில் இரண்டு வாய்ப்பைத் தவறவிடுவதற்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

மத்தியானம் தங்கை வந்தாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அவளைப் பார்த்ததும் குறைந்தது. மெஷின்காரர் எழுந்து நின்றார். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பிழை திருத்தும் மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். மாப்பிள்ளையின் பூதக்கண்ணாடி, இரண்டு பென்சில், சந்தேகச் சீட்டுக் கட்டு.

சந்தேகச் சீட்டு என்பது மாப்பிள்ளை கொண்டுவந்த வழக்கம். எதில் சந்தேகம் வந்தாலும் வாயால் சொல்லமாட்டார். எண் போட்ட ஒரு சீட்டில் எழுதி அண்ணன் மேசையில் வைத்துவிடுவார். அண்ணன் அதன் மேல் 'சரி. அச்சிடுக' என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். படித்துவிட்டுத்தான் குத்துகிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

தங்கை சீட்டுக் கட்டை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணாடியையும் பென்சிலையும் மட்டும் பையில் போட்டாள். அண்ணன் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"உள்ள வா. உக்காரு."

"உக்கார வரலண்ணே. அவரோட சாமான் எடுக்க வந்தேன். இனிமே இங்க வரமாட்டாருல்ல?"

அண்ணன் தரையைப் பார்த்தார். தங்கையின் செருப்பில் ஒரு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அச்சகத்துக்கு வரும்போது மடிப்புக் கலையாமல் வருகிறவள்.

"நாலு மணிக்கு உன்னையும் கூப்பிட்டிருக்காங்களாமே?" என்றாள் தங்கை.

"ஆமா."

"அன்னைக்குச் சொன்னதையேதான் சொல்லப் போறியா?"

இப்போது சொல்லிவிடலாம். 'நான்தான், என் தப்புதான்' என்று மூன்று சொல். அண்ணன் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"மாப்பிள்ளைக்கு வேற எங்கயாவது... எனக்குத் தெரிஞ்ச பைண்டிங் கடை ஒண்ணு இருக்கு. அங்க அட்டை கிட்டை எதுவும் கேக்க மாட்டாங்க. நான் பேசிப் பார்க்கிறேன்."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

தங்கை அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"ஒண்ணு சொல்லட்டுமா? இந்தப் பதினோரு நாள்ல அவரு உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. நான் கத்துறேன், அழுறேன், உன்னைத் திட்டுறேன். அவரு ஒரே பாட்டைத்தான் பாடுறாரு. 'மச்சான் தெரிஞ்சு எதுவும் பண்ணமாட்டார். விடு'ன்னு. எனக்கு எரிச்சலா வருது."

அச்சகத்தின் ஷட்டர் சாவியில் ஒன்று அவளிடம் எப்போதும் இருக்கும். அதைப் பையிலிருந்து எடுத்துக் காகிதக் கட்டின் மேல் வைத்தாள்.

"இது எனக்கு எதுக்கு இனிமே" என்று போய்விட்டாள்.

அண்ணன் அங்கேயே நின்றார். மெஷின்காரர் மெஷினை மறுபடி ஓடவிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் தெரிஞ்சு எதுவும் பண்ணமாட்டார்.

காலை பத்து மணி வரைக்கும் அது உண்மை. அதுவரை நடந்ததெல்லாம் தெரியாமல் நடந்தது. அதற்குப் பிறகு போனில் சொன்ன 'சின்னதுதான்', கைரேகை படித்த பிறகு சொன்ன 'இல்லம்மா', சற்று முன் சொன்ன பைண்டிங் கடை, இந்த மூன்றும் தெரிந்தே செய்தவை. மாப்பிள்ளை நம்பிக்கொண்டிருக்கும் அந்த மச்சான் காலையிலேயே செத்துப்போய்விட்டார், அவருக்கு இன்னும் தகவல் போகவில்லை என்று அண்ணனுக்குத் தோன்றியது. முகம் கழுவப் போனவர் கண்ணாடியைப் பார்க்காமலே கழுவிக்கொண்டு வந்தார்.

மூன்றரைக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். ஷட்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். என்ன சொல்லப்போகிறோம் என்று அப்போதுகூட அவருக்கு முழுசாகத் தெரியாது.

வாரிய அலுவலகத்தில் முதல் மாடி. ஒரு நீளமான மேசை, பின்னால் இரும்பு அலமாரி, சத்தம் போடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி ஐம்பது வயது அம்மையார். மேசையில் சுடுநீர்க் குடுவை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிச் செருமிப் பேசினார். மேசைக்கு எதிரே மாப்பிள்ளை, மடியில் கை கோர்த்தபடி. கூட வந்தவர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியில், கதவோரம், தங்கை. அண்ணன் வந்ததும் மாப்பிள்ளை எழுந்து, "வாங்க மச்சான்" என்றார். பழக்கதோஷம்.

அண்ணனுக்கு அந்த 'வாங்க' ஊசி போலத் தைத்தது.

அதிகாரி ஒரு காகிதத்தைத் தள்ளினார். "அன்னைக்கு நீங்க சொன்னதைத் தட்டச்சு பண்ணியிருக்கோம். மாற்றம் எதுவும் இல்லன்னா கீழே கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் பேனாவை எடுத்தார். வாழ்நாளெல்லாம் படிக்காமல் 'சரி' குத்திய கை, நேராகக் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போயிற்று. அங்கே போய் நின்றது. அவர் காகிதத்தை மேலே இழுத்துப் படித்தார். 'என்னைத் தவிர அந்த வினாத்தாளைத் திறக்கக்கூடியவர் என் தங்கையின் கணவர் ஒருவரே.'

"இது தப்பு மேடம்."

"எது? எழுத்துப் பிழையா?"

"இல்ல. விஷயமே தப்பு." அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "திறக்கக்கூடியவங்க நாங்க ரெண்டு பேர் மட்டும் இல்ல. உங்க சாவி ஃபோல்டரைப் பார்க்க முடிஞ்ச எல்லாருமே திறந்திருக்கலாம். நான் பொதுச் சாவிக்குப் பதிலாத் திறக்கிற சாவியை அனுப்பிட்டேன். பெரிய ஃபைலை. கடவுச்சொல்லும் வைக்கல. மாப்பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வேலை என்னோடது, தப்பும் என்னோடது. பழியை மட்டும் அவர் தலையில வச்சேன்."

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு அந்த ஃபோல்டரை அழிச்சிடுவாங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க. அதுலதான் அத்தாட்சி இருக்கு."

அதிகாரி உடனே போனை எடுத்தார். "அந்தப் பழைய ஃபோல்டர்... ஆமா, அதைத் தொடாதீங்க. இவங்க அச்சகத்தோட ஃபைலை மட்டும் திறந்து பாருங்க." காத்திருந்தார். "அப்படியா... சரி... ஓ, அப்படியா?" அந்தப் பக்கம் வேறு என்ன சொன்னார்களோ, போனை வைத்த பிறகு அதிகாரி அண்ணனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

"நீங்க சொன்னது உண்மைதான். எங்க பக்கத்து ஆளும் பார்க்காம விட்டிருக்காரு, அதைத் தனியா விசாரிக்கணும். அந்த ஃபைலை இதுவரைக்கும் நாலு பேர் இறக்கி எடுத்திருக்காங்களாம். யாருன்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்." குடுவையைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "இவரோட அட்டையை இப்போதைக்கு நான் தொடல. உங்க அச்சகத்தோட கதி என்னன்னு நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. இதெல்லாத்தையும் உங்க கையாலேயே எழுதிக் குடுங்க."

அப்போது மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதையும் சேர்த்துக்குங்க மேடம். இப்ப காட்டலாம்."

எண் 214. நறுக்கென்ற பென்சில் எழுத்து. 'வாரியத்துக்கு அனுப்பியது பெரிய ஃபைல். பொதுச் சாவி சின்ன ஃபைல் என்று கையேட்டில் இருக்கிறது. மச்சான் ஒருமுறை பார்க்கவும்.'

அதன் மேலே, கொஞ்சம் சாய்வாக, ஊதா மையில்: 'சரி. அச்சிடுக.' அதற்குக் கீழே அண்ணனுடைய கையெழுத்து.

அண்ணனுக்கு அந்தச் சீட்டு நினைவிலேயே இல்லை. படித்திருந்தால்தானே நினைவிருக்க. தப்பு செய்ததைவிட, தப்பு என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததன் மேலேயே 'சரி' என்று குத்தியது அவரைத் தரையோடு தரையாக ஆக்கியது.

"இது பதினோரு நாளா உங்ககிட்டயா இருந்துச்சு?" என்றார் அதிகாரி. "முதல் நாளே காட்டியிருந்தா உங்களை இங்க கூப்பிட்டிருக்கவே மாட்டோமே?"

"நான் காட்டினா அவரு மாட்டிக்கிட்டவரு மேடம். அவரே வந்து சொன்னா தப்பை ஒத்துக்கிட்டவரு. அச்சகத்துக்கு அது ரெண்டும் ஒண்ணு இல்ல. தெரிய வந்தா அவரே ஓடி வந்து சொல்லிடுவாருன்னு எனக்குத் தெரியும்." மாப்பிள்ளை அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். பதினோரு நாளில் முதல் சிரிப்பு. "வந்துட்டாரு பாருங்க."

கதவோரம் நாற்காலி நகர்ந்தது. தங்கை வந்து சீட்டைக் கையில் எடுத்துப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"உங்க சட்டைப் பையில இருந்துச்சு" என்றாள் கணவரிடம். "நான் தினமும் துவைச்சேனே அந்தச் சட்டையை. துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டீங்களா?"

"உன்கிட்ட சொன்னா நீ நேரா வந்து..."

"அவரு மாட்டிக்கிட்டவரா, ஒத்துக்கிட்டவரான்னு பார்த்தீங்க. சரி. நான்? நான் யாராம்? தெருவுல போறப்ப 'இவ புருஷன்தான்'னு சொன்னாங்களே, அவளை எந்தக் கணக்குல வச்சீங்க?"

மாப்பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் சீட்டை மேசைமேல் வைத்தாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. "நான் அண்ணியைப் பார்க்கப் போறேன். அந்த வாசல்ல நான் சொல்லாம வந்தது ஒண்ணு பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். ஊக்கு குத்திய செருப்பு ஒவ்வொரு படியிலும் சத்தம் போட்டது.

அண்ணன் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் மாப்பிள்ளை படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தார். அதில் பெரிய ஃபைல் இருந்தது, கடவுச்சொல் வைக்காதது இருந்தது, முத்திரை இருந்தது. காலையில் நடந்தது எதுவும் இல்லை.

இருவரும் இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். அலுவலகங்கள் விட்டு ஜனங்கள் பேருந்துக்கு முண்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, எந்த முகத்தை வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"விடுங்க மச்சான். அதான் வந்துட்டீங்கள்ல. அவ கோவம் எங்கிட்ட, அதை நான் பார்த்துக்கிறேன்." மாப்பிள்ளை அவர் தோளில் கை வைத்தார்.

அண்ணன் ஷட்டர் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். அப்போது அண்ணனின் போன் அடித்தது. அண்ணி. தெருச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னங்க, அவ வந்திருக்கா. எல்லாம் சொன்னா. இப்ப உள்ள உக்காந்திருக்கா, தண்ணிகூட வேண்டாங்கிறா." அண்ணியின் குரல் உடைந்திருந்தது. "உங்க பேச்சை நம்பி அவளை வாசல்லயே நிக்க வச்சுப் பேசினேனே. இப்ப அவ முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"தப்பு என்னோடதுதான். நான் வந்து..."

"இருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். மத்தியானம் அவ அச்சகத்துக்கு வந்தாளாமே, ஏதோ பைண்டிங் கடையில வேலை பார்த்துத் தரேன்னு சொன்னீங்களாமே. அப்ப உங்களுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அண்ணனுக்கு அந்த நொடி கிடைக்கத்தான் செய்தது.

"தெரியும். காலையில பத்து மணிக்கே தெரியும்."

மறுமுனையில் இணைப்பு அறுந்தது. 

தோளில் இருந்த கை மெதுவாக விலகியது. மாப்பிள்ளை தன் கையில் இருந்த ஷட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பத்து மணிக்கா மச்சான்?" என்றார்.